சோறு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்களா?

"இலவசம் குடுத்துக் குடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க சார்." டீக்கடையில், கல்யாணப் பந்தியில், அடுக்ககச் சங்கக் கூட்டத்தில், எங்கே சொன்னாலும் இதற்கு மறுப்பு வருவதில்லை. கட்சி வேறுபாடு கடந்து எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மேலிடங்களும் விலக்கில்லை. 2022 ஜூலையில் பிரதமர், வடநாட்டுக் கோயில் விழாக்களில் விநியோகிக்கும் 'ரேவடி' மிட்டாயின் பேரைச் சொல்லி இலவசங்களைச் சாடினார். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, இலவச அரிசியும் பணமும் கைக்கு வந்துவிடுவதால் மக்கள் வேலைக்கு வர விரும்புவதில்லை என்று வருத்தப்பட்டது. ஒட்டுண்ணிக் கூட்டம் ஒன்றை உருவாக்குகிறோமோ என்றும் அமர்விலிருந்து கேள்வி எழுந்தது. அன்று விசாரணையில் இருந்த வழக்கு, நகரத் தெருக்களில் படுத்துறங்குகிறவர்களுக்குத் தங்குமிடம் அமைப்பது பற்றியது.

அரசு கொடுக்கும் எல்லா இலவசத்துக்கும் வக்காலத்து வாங்குவது என் வேலை இல்லை. கடனில் இருக்கும் அரசு எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் 'உதவி செய்தால் ஏழை உழைக்க மாட்டான்' என்பது வரவுசெலவு பற்றிய பேச்சில்லை. மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றிய கூற்று அது. சரியா தவறா என்று அளந்து பார்க்க முடியும். அளந்தும் பார்த்துவிட்டார்கள். கூற்று தோற்றுவிட்டது. தோற்ற செய்திதான் டீக்கடை வரை வந்து சேரவில்லை.

இந்த நம்பிக்கை ரேஷன் அரிசியோடு பிறந்ததும் இல்லை. 1795 மே மாதம், இங்கிலாந்தின் பெர்க்‌ஷரில் ஸ்பீன்ஹாம்லண்ட் என்ற இடத்தில் கூடிய உள்ளூர் நீதிபதிகள், ரொட்டி விலை ஏறினால் அதற்கேற்பக் கூலிக்காரக் குடும்பங்களுக்கு உதவித்தொகையும் ஏற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் கனவான்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். 1834இல் நாசா சீனியரும் எட்வின் சாட்விக்கும் எழுதிய விசாரணைக்குழு அறிக்கை, உதவித்தொகை உழைப்பாளியைக் கெடுத்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பிப் பதிலும் வாங்கியிருந்தார்கள். 1960களில் மார்க் ப்ளாக் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் அந்தப் பதில்களை எடுத்து முறையாகக் கூட்டிப் பார்த்தார். அறிக்கையின் முடிவுக்கு அவை ஆதாரம் தரவில்லை. அதற்குள் நூற்றுமுப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வெளியே இருக்கும் மிக ஏழைத் தொழிலாளியைவிட உள்ளே இருப்பவன் நிலை மோசமாக இருக்க வேண்டும் என்ற விதியோடு, உதவி கேட்டு வரும் ஏழைகளுக்குப் பணிவிடுதிகள் கட்டப்பட்டு, அவற்றில் பல தலைமுறைகள் வாழ்ந்து செத்தும் போயிருந்தன.

அதே கொள்கை கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொன்னது 1876-78 பஞ்சத்தைத்தான். வைஸ்ராய் லிட்டன், நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்டு டெம்பிளை அனுப்பிவைத்தார். இந்த டெம்பிள்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவு அதிகம் இல்லாமல் காப்பாற்றியவர். அதற்காகப் பாராட்டு கிடைக்கவில்லை. ஊதாரி என்ற பேர் கிடைத்தது. பாடம் கற்றுக்கொண்டவராகத் தெற்கே வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்க வெயிலில் கல் உடைக்கும், மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதிகம் கொடுத்தால் மக்கள் அரசை நம்பியே இருந்து பழகிவிடுவார்கள் என்பது அதற்குச் சொன்ன நியாயம்.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், கூடவே காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் கொடுக்க ஒப்புக்கொண்டது. செத்தவர்கள் பல லட்சம். 'பழகிவிடுவார்கள்' என்ற சொல் இன்று நம் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வருகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கால் பவுண்டுக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது இந்தக் காலத்துச் சான்றுகளுக்கு வருவோம். மெக்சிகோவில் 1997இல் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கம் கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். குலுக்கல் முறையில் சில ஊர்களுக்கு முதலிலும் மற்ற ஊர்களுக்குப் பின்னாலும் பணம் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டால், பணம் மனிதரை என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். 'எங்க தெருவுல ஒருத்தன்' கதைக்கு அங்கே இடமில்லை. பிறகு பல நாடுகள் இந்த முறையைப் பின்பற்றின. அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து 2017இல் வெளியிட்டார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையை விட்டதற்கோ வேலை நேரத்தைக் குறைத்ததற்கோ முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆணிடமும் இல்லை, பெண்ணிடமும் இல்லை.

ஈரான் இதைவிடப் பெரிய சோதனைக்களம். 2010 கடைசியில் எரிபொருள் மானியத்தை வெட்டிவிட்டு, அதற்கு ஈடாக ஏறத்தாழ நாட்டில் எல்லோருக்குமே மாதாமாதம் பணம் போட்டார்கள். அங்கேயும் மக்கள் வேலையை விட்டுவிடவில்லை. சேவைத் தொழில்களில் இருந்தவர்களில் சிலர் முன்பைவிட அதிக நேரம் உழைத்தார்கள்.

அது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. கிராமத்துத் தொழிலாளர்களைக் கொண்டு தையல் இலை செய்ய வைத்தார்கள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு சாராருக்கு மட்டும், சேர வேண்டிய கூலியில் ஒரு பங்கை முன்னதாகவே கையில் கொடுத்தார்கள். கூலி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். பணம் வந்த நாள் மட்டும் வேறு. முன்னதாகப் பணம் வந்தவர்கள் அதிக இலை தைத்தார்கள், தவறும் குறைந்தது. அதிலும் மிக ஏழைகளிடம்தான் மாற்றம் அதிகம். கடன்காரனுக்கு என்ன பதில் சொல்வது, நாளைக்கு அடுப்பெரியுமா என்ற யோசனை தலையை விட்டு இறங்கினால் கை வேகமாக ஓடுகிறது. பட்டினி போட்டால்தான் உழைப்பான் என்ற சித்தாந்தத்துக்கு நேர் எதிரான முடிவு இது.

'குடிச்சே அழிச்சிடுவான்' என்பது அடுத்த அஸ்திரம். டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற இரண்டு ஆய்வாளர்கள், உலகம் முழுக்க ரொக்க உதவி பெற்றவர்கள் மதுவுக்கும் புகையிலைக்கும் எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்த்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் படித்தார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் கூடவில்லை. பல இடங்களில் குறைந்தது. நம் ஊரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அது குடிக்குப் போகிறது என்று கவலைப்படுகிறவர்கள், 2003 முதல் மதுச் சில்லறைக் கடையைத் தானே நடத்தும் அரசிடம் அந்தக் கவலையைச் சொல்லலாம்.

'சும்மா கொடுத்தா மதிக்க மாட்டாங்க' என்ற பேச்சும் உண்டு. படித்தவர்களுக்கு ரொம்பப் பிடித்தது இது. கென்யாவில் கர்ப்பிணிகளுக்கு மலேரியா கொசுவலை கொடுக்கும்போது ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டுபாவும் இதைச் சோதித்தார்கள். சில மருத்துவமனைகளில் வலை இலவசம்; சிலவற்றில் சிறு விலை. அறுபது அமெரிக்க சென்ட் விலை வைத்ததற்கே, வலை வாங்கியவர்கள் விகிதம் அறுபது சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாக வாங்கியவர்கள் வீட்டில் வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்தால், காசு கொடுத்தவர்கள் எவ்வளவு பயன்படுத்தினார்களோ அவ்வளவு இவர்களும் பயன்படுத்தினார்கள். விலை வைத்ததால் கூடிய மதிப்பு ஒன்றுமில்லை. வலை இல்லாமல் தூங்கிய பெண்கள்தான் கூடினார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் போனால் இந்த வாதம் வேறு வேஷம் போடும். "நடவுக்கு ஆள் கிடைக்கல. இலவச அரிசி, நூறு நாள் வேலை, எவ வருவா?" என்பார் மிராசுதார். ஆள் கிடைக்காதது நிஜம். பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் முழு நிஜம். மாட்டேன் என்றவர் எங்கே போனார் என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்தியாவில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையிலும் தமிழ்நாடுதான் முதலிடம். இலவசத்துக்குப் பேர்போன மாநிலம் சோம்பேறி மாநிலமாக இருந்தால் ஸ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் யார்?

நூறு நாள் வேலையைப் பற்றியும் நல்ல ஆய்வு இருக்கிறது. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் அந்தத் திட்டத்தின் கூலி ஒழுங்காகவும் திருட்டில்லாமலும் போய்ச் சேர ஸ்மார்ட் கார்டு முறை கொண்டுவந்தார்கள். கார்த்திக் முரளிதரனும் கூட்டாளிகளும் விளைவைப் பார்த்தார்கள். ஏழைக் குடும்ப வருமானம் உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும்பங்கு வந்தது தனியாரிடம் செய்த வேலையிலிருந்து. தனியார் கூலி ஏறியது. வேலைவாய்ப்பு குறையவில்லை, கூடியது. வேறு ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் தொழிலாளிக்குப் பேரம் பேசத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்துக்குத்தான் நாம் சோம்பல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எதிர்ச் சான்று இல்லாமல் இல்லை. 1968க்குப் பிறகு அமெரிக்காவில் குடும்பங்களுக்கு வருமான உத்தரவாதம் கொடுத்துப் பார்த்தபோது வேலை நேரம் ஓரளவு குறைந்தது. டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் ஆயிரம் பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் ஆயிரம் டாலர் கொடுத்த சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. வாரத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் வேலை குறைந்திருந்தது. மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அதே அமெரிக்காவில் அலாஸ்கா 1982 முதல் ஆண்டுதோறும் தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் எண்ணெய்ப் பணத்தில் பங்கு கொடுக்கிறது. மொத்த வேலைவாய்ப்பு அங்கே குறையவில்லை என்றும் ஆய்வு சொல்கிறது. மாதம் சுமார் எண்பதாயிரம் ரூபாய் வாங்கிய அமெரிக்கர் வாரத்தில் ஒன்றேகால் மணி நேரம் குறைத்துக்கொண்டால், இருபது கிலோ அரிசி வாங்கும் திருவாரூர்ப் பெண் படுத்துவிடுவாள் என்று எந்தக் கணக்கு சொல்கிறது?

உண்மையிலேயே உழைப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், அந்தப் பயத்துக்குப் பொருளாதாரத்தில் ஓர் இடம் உண்டு. ரேஷன் அரிசி, உழைத்தாலும் கிடைக்கும், உழைக்காவிட்டாலும் கிடைக்கும். கூடுதலாக ஒரு நாள் வேலைக்குப் போனதற்காக அட்டையில் ஒரு கிலோ குறையாது. ஆகவே வேலைக்குப் போவதற்கு அங்கே தண்டனை எதுவும் இல்லை. உரிமைத்தொகைக்கு மட்டும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இப்படி வரம்பு வைக்கும் திட்டத்தில்தான், அதிகம் சம்பாதித்தால் உதவி போய்விடும் என்ற கணக்கு உள்ளே நுழைகிறது. சோம்பலுக்குப் பயப்படுகிறவர்கள் 'எல்லோருக்கும் கொடு' என்றல்லவா கேட்க வேண்டும்? அவர்களோ 'தகுதியானவர்களுக்கு மட்டும் கொடு, இன்னும் வடிகட்டு' என்கிறார்கள்.

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோதும் கஜானா காலியாகும் என்றுதான் சொன்னார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதனால் எல்லாத் திட்டமும் சத்துணவு ஆகிவிடாது. 2006இல் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிக்கு என்னால் வாதாட முடியாது. எட்டு லட்சம் கோடிக்கு மேல் கடன் வைத்திருக்கும் மாநிலம், உரிமைத்தொகைக்கு ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரம் கோடிக்கு மேல் கொடுப்பதா, அதில் ஒரு பங்கை அரசு மருத்துவமனைகளுக்கு மாற்றுவதா என்பது நியாயமான சண்டை. அதில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் நான் கேட்கத் தயார்.

கெடுதல் செய்யும் இலவசமும் உண்டு. விவசாய பம்ப்செட்டுக்கு மீட்டரில்லாத மின்சாரம் அப்படிப்பட்டது. இன்னொரு மணி நேரம் மோட்டார் ஓடினால் செலவு பூஜ்யம் என்பதால் நீர் தேவைக்கு மேல் இறைக்கப்படுகிறது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. அரிசியில் இல்லாத ஆபத்து இதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இது நடக்கிறது. ஆனால் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்ளும் அந்த மிராசுதாரைப் பார்த்து, "இலவச கரண்ட் வாங்கி வாங்கி நீங்க சோம்பேறி ஆயிட்டீங்க" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடிக்க வருவார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வரப்புக்குப் போகிற மனுஷர்.