சிஷோமின் பெரிய வெற்றி எது?

ஷெர்லி சிஷோம் என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது, அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் என்பதுதான். 1972-இல் அதிபர் வேட்பாளராக ஜனநாயகக் கட்சிக்குள் போட்டியிட்டதையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர் நிறைவேற்றவைத்த சட்டங்கள் எவை என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். பட்டம் பெரிதாகிவிட்டது, உழைப்பு மறைந்துபோனது.

1924-இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் பிறந்தவர் அவர். அப்பா கயானாவிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளி. பார்படோஸைச் சேர்ந்த அம்மா தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்தவர். வருமானம் போதாததால் சிறுமி ஷெர்லி சில ஆண்டுகள் பார்படோஸில் பாட்டியிடம் வளர்ந்தார். பிறகு மழலையர் பள்ளி ஆசிரியை. 1965-இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வேலையிழப்பு உதவித்தொகை கிடைக்க அங்கே அவர் பாடுபட்டார். அந்த அம்மாவின் மகளுக்கு அது தற்செயலாகத் தோன்றிய அக்கறையாக இருந்திருக்க முடியாது.

1968-இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, எதிரே நின்றவர் நாடறிந்த சிவில் உரிமைத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்மர். வாஷிங்டனில் ஓர் ஆண் குரல் ஒலிக்க வேண்டும் என்பது ஃபார்மர் தரப்புப் பிரசாரம். தொகுதியிலோ பெண் வாக்காளர்களே அதிகம். சிஷோம் வென்றார்.

வென்றவரை, வனங்களையும் கவனிக்கும் விவசாயக் குழுவில் போட்டார்கள். நகரத்தின் நடுவே இருக்கும் தொகுதிக்கு வனத்துறையால் என்ன பயன்? புதிய உறுப்பினர்கள் வாய்திறக்காத அவையில் அவர் எழுந்து ஆட்சேபித்தார். முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். தன் தொகுதியில் மரங்களைவிடப் படைவீரர்கள் அதிகம் என்று கிண்டலோடு ஏற்றுக்கொண்டார்.

1972 மே மாதம், சிஷோம் இறங்கிய அதே அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டார். நிறப் பிரிவினையை என்றென்றும் காப்பேன் என்று முழங்கியவர் அவர். சிஷோம் மருத்துவமனைக்கே போய் அவரைப் பார்த்தார். ஆதரவாளர்கள் கொதித்தார்கள். இப்படி ஒரு நிலை யாருக்குமே வரக் கூடாது என்பதுதான் சிஷோமின் பதில். அந்த ஆண்டு மயாமி பீச் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் அவருக்கு 152 பிரதிநிதிகளின் வாக்குகள் கிடைத்தன. தோல்விதான்.

பலன் வேறு வழியில் வந்தது. 1938-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் வீட்டு வேலைக்காரர்களுக்கு இடமில்லை. அவர்களில் பலர் கறுப்பினப் பெண்கள்; சேர்த்துக்கொள்ளத் தென் மாநில உறுப்பினர்கள் விரும்பவில்லை. அவர்களைச் சேர்க்கும் திருத்தத்துக்கு சிஷோம் வாக்கு திரட்டியபோது, தென் மாநில உறுப்பினர்களிடம் அவருக்காகப் பேசியவர் வாலஸ். 1974-இல் திருத்தம் சட்டமானது.

எதிரியிடம் குழைவது அரசியல் சந்தர்ப்பவாதம் என்பார்கள். சிஷோம் குழையவில்லை, வாலஸின் கொள்கையை ஓர் அங்குலம்கூட ஏற்கவில்லை. அவரை மனிதராக நடத்தினார், அவ்வளவே. கொள்கையை விடாமல் கதவைத் திறந்து வைப்பது மேடையில் முழங்குவதைவிடக் கடினம். அவர் வாழ்க்கையில் பாடப்புத்தகங்கள் முதலில் சொல்ல வேண்டியது 152 வாக்குகளை அல்ல, 1974-இன் இந்தத் திருத்தத்தைத்தான்.

அந்தச் சட்டமும் முழுமையானதல்ல. முதியோருக்குத் துணையாக இருக்கும் பணியாளர்களை அது விட்டுவிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்தது 2015-இல்தான். அதே ஆண்டு, இறந்து பத்தாண்டு ஆன சிஷோமுக்கு அதிபர் ஒபாமா சுதந்திரப் பதக்கம் வழங்கினார்.