படர்தாமரையும் பாராமுகமும்

தோல் நோய்தானே என்று இதனை எவரும் தட்டிக்கழித்தல் ஆகாது. படர்தாமரை என நம்மவர் அழைக்கும் பங்கசு நோய், ஒரு காலத்தில் சில வாரங்களில் மாறிவிடும் சிறு தொல்லையாக இருந்தது. இன்றோ தென்னாசியாவிற் பல இடங்களில், மாதக்கணக்கில் மருந்துண்டும் மாறாத, மாறினாலும் மீண்டும் வந்து குடும்பத்தையே பற்றிக்கொள்ளும் பிடிவாத நோயாகிவிட்டது. வயலில் ஈர உடையோடு நிற்கும் கமக்காரரென்றும், கந்தோரில் வியர்வையில் நனையும் உத்தியோகத்தரென்றும் அது பேதம் பார்ப்பதில்லை.

இம்மாற்றம் விதியின் செயலன்று. டெர்பினபின் என்னும் மருந்து, பங்கசு தன் உயிரணுச் சவ்வைக் கட்டுவதற்கு வேண்டிய ஒரு நொதியைத் தடுத்து அதனைக் கொல்லும். அந்நொதியே உருமாறிவிட்டால் மருந்து அதிற் பற்றாது. இவ்வாறு அம்மருந்துக்குப் பெரிதும் அடங்காத ஒரு பங்கசு இந்தியாவிற் பரவியுள்ளது. 2020ஆம் ஆண்டு அதற்கு 'டிரைக்கோபைட்டன் இண்டோடினியே' எனப் பெயரிடப்பட்டது. 2023இல் நியூயோர்க் நகரில், அண்மையில் வெளிநாடு எங்கும் செல்லாத ஒரு பெண்ணிடமும் அது காணப்பட்டது. கடல் கடந்த நோய்க்குப் பாக்குநீரிணை எம்மாத்திரம்?

நோயை வளர்த்ததில் மனிதர் கைக்கும் பங்குண்டு. பங்கசு மருந்தோடு கடும் ஸ்டெராய்டையும் கலந்த களிம்பைப் பூசினால் இரண்டொரு நாளிற் சொறிச்சல் தணியும், சிவப்பு மறையும். நோயாளி மகிழ்வார். பங்கசோ உடலின் எதிர்ப்புக் குன்றிய தோலிற் பரவும். புண்ணின் உருவும் மாறுவதால் வைத்தியரே மயங்குவார். நாளடைவில் தோல் மெலிந்து, அழியாத வரிகளும் விழும். இதையுணர்ந்தே இந்திய அரசு 2018இல், பல ஸ்டெராய்டுக் களிம்புகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது. ஆனால் ஏட்டில் எழுதிய சட்டம் கடை மேசைவரை செல்லாவிடின் பயன் என்ன?

இங்கும் அந்நிலை வாராதிருக்க நாம் கேட்பவை மூன்று. சீட்டின்றி இக்களிம்புகள் விற்கப்படுவதை அதிகாரிகள் தடுத்தல் வேண்டும். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் எளிய சோதனை சிற்றூர் ஆஸ்பத்திரிகளிலும் கிடைத்தல் வேண்டும். வழமையான மருந்து பலிக்காதவிடத்து, இட்ராகொனசோல் போன்ற மாற்று மருந்தை வைத்தியரின் கண்காணிப்பில் வேண்டிய காலம் முழுவதும் உண்பதற்கு ஏழைக்கும் வசதியிருத்தல் வேண்டும்.

மக்களுக்கும் கடமையுண்டு. சொறிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்துதல், ஒரே துவாயை வீட்டார் அனைவரும் பாவித்தல், வெட்கத்தால் நோயை மறைத்தல் ஆகியன பங்கசுக்குச் செய்யும் உபகாரமேயாம். நோய் வந்தது குற்றமன்று. அயலவர் சொன்ன களிம்பை அள்ளிப் பூசி அதனை வளர்ப்பதே குற்றம்.