காசில் எழுந்த கிளர்ச்சி

காசு வணிகக் கருவிதானே. அதில் எம்மொழி இருந்தால் என்ன, எவ்வெழுத்து இருந்தால் என்ன என்று வினவுவோர் யூதர்தம் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்!

கி.பி. 66-இல் உரோமை எதிர்த்தெழுந்த யூதர், தாமே வெள்ளிக்காசு அடித்தனர். அதில் பேரரசன் தலை இல்லை. கிண்ணமும் மாதுளையும் இருந்தன. 'தூய எருசலேம்' என வெள்ளியிலும், 'சீயோன் விடுதலை' எனச் செம்பிலும் பொறித்தனர். அன்றாட வழக்கில் ஓங்கியிருந்தவை அரமேய மொழியும் அரமேய எழுத்துமே. அவர்களோ முன்னோரின் பழைய எபிரேய எழுத்தையே தேர்ந்தனர். ஆண்டையும் தம் கிளர்ச்சியிலிருந்தே எண்ணினர்.

70-இல் எருசலேம் வீழ்ந்தது. உரோமும் காசாலேயே மறுமொழி தந்தது: பேரீச்ச மரத்தடியில் துயருற்று அமர்ந்த பெண், 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்னும் இலத்தீன் வரி. காசெழுத்தின் ஆற்றலை வென்றவன் அறிந்திருந்தான், எள்ளுவோர்தாம் அறிந்திலர்!

132-இல் பார் கோக்பா தலைமையில் மீண்டும் எழுந்தனர். வழக்கிலிருந்த உரோமக் காசுகளையே எடுத்து, பேரரசன் உருவின் மேலேயே, இடிக்கப்பட்ட தம் கோயிலின் உருவையும் 'எருசலேமின் விடுதலைக்கு' என்னும் சொற்களையும் அடித்தனர்.

135-இல் அக்கிளர்ச்சியும் நசுக்கப்பட்டது. எனினும், புதுப்பொறிப்பின் கீழே நசுங்கிய பழம்பொறிப்பின் சுவடு சில காசுகளில் இன்றும் தெரிகிறது. ஆள்வோன் பொறித்ததே இறுதி எழுத்தன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?