டென்ட் புக் பண்ணியாச்சு... பிள்ளைக்கு அடிபட்டா யார் வண்டி ஓட்டுறது?

ஏனாத்தூரில் ஒரு பிள்ளை மாடிப்படியில் உருண்டு விழுந்தால் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. பைக்கில் தூக்கி உட்கார வைத்தால் சில நிமிடங்களில் டாக்டர் முன்னால் இருக்கலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே அந்த ஊரில் இருக்கிறது. காஞ்சிபுரம் டவுனுக்குள் போனால் அரசுத் தலைமை மருத்துவமனை. அதே பிள்ளை சனிக்கிழமை ராத்திரி ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் டென்ட்டுக்கு வெளியே பாறையில் வழுக்கி விழுந்தால்? பகலில் ஆரணி, போளூர் தாண்டி ஏறி வந்த அதே வளைவுகளில் இருட்டில் இறங்க வேண்டும்.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவரும். மூன்று கார்களில் வந்த மூன்று அப்பாக்களும் குடித்திருப்பார்கள்.

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வாரம் முழுக்க ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, பசங்க தூங்கினப்புறம் ரெண்டு ரவுண்டு போட்டால் என்ன தப்பு? தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கார் ஓட்டத் தெரிந்த ஒருவராவது அன்று ராத்திரி தொடாமல் இருக்க வேண்டும். கேம்ப் கிளம்பும் குடும்பங்கள் பேண்ட்-எய்ட், டெட்டால், பாராசிட்டமால் சிரப் என்று முதலுதவிப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து அடுக்குகின்றன. தெளிவாக இருக்கும் ஒரு டிரைவர்தான் அந்தப் பெட்டியில் இல்லாத மருந்து.

108 இருக்கிறதே என்று கேட்கலாம். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் இலவச சேவை, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் மலைக்கு ஆம்புலன்ஸும் அதே ரோட்டில்தான் ஏறி வர வேண்டும். 108-ஐ அழைத்ததும், ‘நாங்க இறங்கிட்டே இருக்கோம், எந்த இடத்துல வண்டி மாறலாம்?’ என்று கேட்பது பல நேரம் நேரத்தை மிச்சப்படுத்தும். அதற்கும் ஒரு டிரைவர் வேண்டும். சொந்த சிம்மில் சிக்னல் இல்லையென்றால் 112-ஐ முயல வேண்டும். வேறு நிறுவனத்தின் டவர் அருகில் இருந்தால் பெரும்பாலும் அழைப்பு போய்விடும்.

எதற்கு இறங்க வேண்டும், எதற்கு வேண்டாம்? முட்டி சிராய்ப்புக்கு யாரும் மலை இறங்க வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவிக் கட்டினால் போதும். ரத்தம் கொட்டுகிறது என்றால் சுத்தமான துணியை வைத்து பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுநடுவே எடுத்து எட்டிப் பார்ப்பதால்தான் ரத்தம் நிற்பதில்லை.

தலையில் அடி என்றால் கதை வேறு. விழுந்ததும் வீறிட்டு அழுது, அரை மணியில் மறுபடி விளையாடப் போகிற பிள்ளையைக் கண்காணித்தாலே போதும். நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது, எழுப்பினால் சரியாக எழாமல் குழறுவது... இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுகூட ஆகாத குழந்தை என்றால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம். ‘தூங்க விடக்கூடாது’ என்று பாட்டிமார் சொல்வது பாதி உண்மை. தூங்கலாம், ஆனால் எழுப்பினால் எழுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

தீக்காயத்தில் பெரியவர்களின் கைவைத்தியமே முதல் எதிரி. டூத்பேஸ்ட், காபித்தூள், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். சாதாரண குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓட விட வேண்டும். வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு காயத்தின் அருகே இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கேம்ப் ஃபயரை ராத்திரி மணல் போட்டு மூடிவிட்டுத் தூங்குபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மணலுக்கு அடியில் தணல் காலையிலும் சூடாகவே இருக்கும். வெறுங்காலோடு ஓடி வரும் குழந்தைக்கு அது வெறும் மணல் மேடு. தண்ணீர் ஊற்றி அணைப்பதே சரி.

ரொம்பப் பேருக்குத் தெரியாதது கட்டுவிரியன் விஷயம். ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது, பல் பட்ட இடமும் தெரியாது. காலையில் பிள்ளை வயிறு வலிக்குது என்கிறது, வாந்தி எடுக்கிறது. ‘நேத்து சாப்பிட்ட பார்பிக்யூ சேரல’ என்று ஓமவாட்டர் கொடுப்பார்கள். கண் இமை சொருகினால், பேச்சு குழறினால், விழுங்கக் கஷ்டப்பட்டால் அது உணவுப் பிரச்சினை இல்லை. அசைக்காமல் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. இதற்கு மருந்து இருக்கிறது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்ட வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தில் இருந்தும் அந்த மருந்து தயாராகிறது. குழந்தை என்பதால் மருந்தின் அளவும் குறையாது, பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

இவ்வளவு தெரிந்தும் குடும்பங்கள் தாமதிக்கும். காரணம் அறியாமை மட்டும் இல்லை, சங்கோஜமும்தான். அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கூட வந்த ரெண்டு குடும்பத்தின் லீவு கெடும், மாமனார் ‘இதுக்கெல்லாமா?’ என்பார். பிள்ளையின் அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று படும், சொன்னால் ‘ஓவரா பயப்படுறே’ என்ற பேச்சு வரும். கிளம்பும் முன்பே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். யாராவது ஒருவர் ‘இறங்கலாம்’ என்றால் இறங்குவது, விவாதம் ஊருக்குப் போய்.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் பதிவுக்குத் திறந்தது. அங்கே வழிகாட்டி உண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கும் உண்டு. தோட்டத்துக்குள் நாலு டென்ட் அடித்து இன்ஸ்டாகிராமில் விற்கும் இடங்களில் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ‘ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா எந்த ஆஸ்பத்திரி, எந்த ரோடு, யார் கேட்டைத் திறப்பாங்க?’ இதற்கு ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்று பதில் வந்தால், ஜிபே-வை மூடிவிட்டு வேறு இடம் தேடலாம்.