காய்ச்சல் விட்டதும் மாரத்தானா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் தமிழகத்தில் டெங்கு தலைதூக்குகிறது. மழை ஓய்ந்து ஜனவரி பிறந்தால் சென்னை மாரத்தான். நவம்பரில் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் டிசம்பரிலேயே 20, 25 கிலோமீட்டர் ஓடக் கிளம்புவதற்கு இந்தக் கால நெருக்கம் ஒரு முக்கியக் காரணம். பெயர் கொடுத்தாயிற்று, பணம் கட்டியாயிற்று, மாதக்கணக்கில் எடுத்த பயிற்சி வீணாகிவிடுமே என்ற தவிப்பு அவர்களுக்கு. இதை ஓட்டக்காரரின் பொறுமையின்மை என்று ஒதுக்கிவிடுகிறோம். மருத்துவர்களுக்கும் பந்தய ஏற்பாட்டாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதே என் வாதம்.

நோயில் படுத்தால் உடல் எவ்வளவு இழக்கும்? 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். உச்சகட்ட உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனின் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்துபோனது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்துச் சோதித்தபோது, இத்தனை ஆண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. கேட்கவே திகிலாக இருக்கிறது, இல்லையா? அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 50 வயதைத் தொட்ட அவர்களுக்கு ஆறு மாதம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பயிற்சி கொடுத்தார்கள். வயதால் இழந்த அந்தத் திறன் முழுவதும் மீண்டது. போனது திரும்பும், அதற்குரிய காலத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. ஓட்டத்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடிவிடும். சில வாரங்களில் மூச்சும் வசப்பட்டுவிடும். தசைநாணும் எலும்பும் அப்படியல்ல. அவை பழைய பளுவைத் தாங்க மாதங்கள் பிடிக்கும். எனவேதான் மூன்றாவது, நான்காவது வாரத்தில், “நேத்து பத்து கிலோமீட்டர் ஓடினேன், ஒண்ணும் ஆகல” என்று தைரியம் வருகிறது. குதிகால் நாண் வீங்குவதும், முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதும் பெரும்பாலும் இந்தத் தைரியத்துக்குப் பிறகுதான்.

மூச்சை நம்பி அளவு கூட்டுவதைவிட, காலையில் கண் விழித்ததும் எழாமல் மணிக்கட்டில் நாடி பார்ப்பது மேல். வழக்கமாக 60 துடிப்பவருக்கு அன்று 70 என்றால், நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் முந்தைய நாளைவிட அதிகம் வலித்தால், நேற்று ஓடியது அளவு மீறியது என்று பொருள். மாத்திரை போட்டு அந்த வலியை அமுக்கிவிட்டு ஓடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. காய்ச்சலே முழுதாக விடாத நிலையில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போடுவது இன்னும் ஆபத்து. டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைத் தூண்டக்கூடும்.

இதயத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கரோனா, டெங்கு போன்ற வைரஸ் நோய்கள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அது உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம்வரை கடும் பயிற்சி கூடாது என்பதே இதய மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. காய்ச்சலுக்குப் பிறகு ஓடும்போது நெஞ்சு வலியோ, படபடப்போ, தலைசுற்றலோ வந்தால், அங்கேயே நின்றுவிட வேண்டும். ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டாமல் மறுபடி ஓடக் கூடாது.

இதையெல்லாம் சொன்னால், ஜோன் பெனாய்ட்டை உதாரணம் காட்டுவார்கள். 1984இல் முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்த 17ஆம் நாள் அமெரிக்கத் தகுதிப் போட்டியை வென்று, அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸில் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் மாரத்தானிலும் தங்கம் வாங்கியவர். அவசரமாகப் பயிற்சிக்குத் திரும்பியதில் அவருடைய மற்றொரு காலின் பின்தொடைத் தசை அடிபட்டதையும், அதைச் சரிசெய்யச் சிகிச்சையாளர்கள் கூடவே இருந்து பாடுபட்டதையும் யாரும் சொல்வதில்லை. அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே ஓடுபவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

நம் வீடுகளில் காய்ச்சல் விட்டவருக்கு முதலில் கஞ்சி, பிறகு ரசம் சாதம், வாய் ருசி திரும்பிய பிறகே குழம்பும் கறியும். உழைப்புக்கும் அப்படியொரு பத்தியத்தை எழுதிக் கொடுக்க மருத்துவமனைகள் முன்வர வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் ‘ஓய்வு எடுக்கவும்’ என்பதோடு முடித்துவிடாமல், எந்த வாரம் நடக்கலாம், எப்போது நடையும் ஓட்டமும் கலக்கலாம், என்ன அறிகுறி வந்தால் திரும்பி வரவேண்டும் என்று நான்கு வரி சேர்த்தால் போதும்.

ஏற்பாட்டாளர்கள் செய்யக்கூடியது இதைவிட எளிது. பல பந்தயங்களில் கட்டிய பணம் திரும்பாது, இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றவும் வழியில்லை. காய்ச்சலோ காயமோ கண்டவர் மருத்துவச் சான்றைக் காட்டினால், கூடுதல் கட்டணமின்றி அவருடைய இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்குங்கள். பதிவுப் படிவத்திலேயே அந்த விதியை அச்சிட்டுவிடுங்கள்.