பண்ணை வேலையாட்களின் இருப்பிடமும் உயிர்ப் பாதுகாப்பும்

மழைக்காலம் வருமுன் மாட்டுக் கொட்டிலுக்குக் கீற்று வேய்வதும், விதை நெல்லைக் குதிரில் பத்திரப்படுத்துவதும் நல்ல குடித்தனக்காரரின் வழக்கம். கலப்பையின் கொழு தேய்ந்தால் உடனே கொல்லுப் பட்டறைக்கு அனுப்புகிறார். மோட்டார் சூடேறினால் மெக்கானிக்கை வரவழைக்கிறார். இவ்வளவு கவனமும் விவசாயத்திற்கு அவசியமே. ஆனால் அதே நிலத்தில் அறுப்பதற்கும், மருந்து தெளிப்பதற்கும், கதிரடிப்பதற்கும் வரும் ஆட்கள் இரவில் எங்கே படுக்கின்றனர், எந்தத் தண்ணீரைக் குடிக்கின்றனர், எந்த யந்திரத்தின் வாயில் கை நீட்டுகின்றனர் என்ற விசாரணை பல பண்ணைகளில் இல்லை. கூலியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் தம் பொறுப்பு தீர்ந்தது என்று நிலச் சொந்தக்காரர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் நியாயத்திற்கும் ஒவ்வாது, நாட்டின் சட்டம் செல்லும் திசைக்கும் ஒவ்வாது.

வேலையாளுக்கு இருப்பிடம் அமைத்துத் தருவது முதலாளியின் தயவா, கடமையா என்ற கேள்விக்கு மலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை விடை முன்பே கிடைத்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் நிலைமையை ஆராய்ந்து ரேகே என்பவர் தயாரித்த அறிக்கை 1946-ல் வெளிவந்தது. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகிய பயிர்களின் தோட்டங்களில் ஆட்களுக்கு வீடும், குடிநீரும், வைத்திய வசதியும் அளிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று அது விதித்தது. ஏலத் தோட்டங்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. 1981-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தோட்டத்து வீடு இடிந்து விழுந்து உயிரோ உடலோ சேதமுற்றால், அது குடியிருப்போரின் குற்றத்தாலோ இயற்கை உற்பாதத்தாலோ நேர்ந்ததல்லவெனில், முதலாளியே நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டார். 2010-ல் பூச்சி மருந்துகளைக் கையாளும் ஆட்களின் பாதுகாப்பும் அச்சட்டத்தில் சேர்ந்தது. இச்சட்டமும் வேறு 12 சட்டங்களும் 2020-ம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒன்றாக்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்தது.

சமவெளியில் நெல்லும் கரும்பும் பயிரிடுவோர், இவையெல்லாம் தேயிலைத் துரைமாருக்கு ஏற்பட்ட விதிகள் என்று ஒதுக்கிவிடலாம். நெல் வயலும் கரும்புக் கொல்லையும் சட்டத்தில் தோட்டம் என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் மலையில் அவ்விதி ஏன் பிறந்தது என்பதை யோசிக்க வேண்டும். வேலை முடிந்தபின் தன் வீட்டிற்குத் திரும்ப இயலாத தூரத்திலிருந்து ஆள் வருவிக்கப்பட்டான். வருவித்தவரே அவனுக்குக் கூரை தர வேண்டும் என்பதே அதன் காரணம். நியாயம் பயிரின் பெயரைப் பொறுத்ததன்று, தூரத்தைப் பொறுத்தது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் வெளி ஜில்லாவுக்குக் கரும்பு வெட்டச் செல்லும் குடும்பமும் இரவில் தன் வீட்டிற்குத் திரும்ப முடியாது. அவர்களுடைய இருப்பிடத்தைப் பற்றிக் கேட்டால் ஆலைக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி நிலக்காரரைக் காட்டுவார். நிலக்காரர் ஆலையைக் காட்டுவார். மூவரும் கை காட்டி நிற்கையில், குடும்பம் வாய்க்கால் கரையில் சாக்குப் படுதாவின் கீழ் படுத்திருக்கும்.

தங்குமிடம் என்பது மாளிகையன்று. மேட்டு நிலத்தில், நீர் தேங்காத இடத்தில், காற்றும் மழையும் அடிக்காத கொட்டகை, தரையிலிருந்து உயர்ந்த படுக்கை, விளக்கு, மூடிவைத்த குடிநீர், பெண்கள் அச்சமின்றிப் போய்வரக்கூடிய கழிப்பிடம், அடுப்புக்குத் தனி இடம் - இவை இருந்தால் போதும். கரும்புக் கொல்லையருகில் வெறுந்தரையில் படுப்போருக்குப் பாம்புக்கடி எவ்வளவு சமீபம் என்பதைக் கிராமத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பூச்சி மருந்தும் உரமும் வைக்கும் அறையில் ஆட்களைப் படுக்க வைப்பதை அறவே விலக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். கொடுத்த இருப்பிடம் ஆளைக் கட்டிவைக்கும் கயிறாக மாறலாகாது. நிலக்காரரின் மனையில் குடிசை போட்டிருந்தவன், கூலி உயர்வு கேட்ட மறுநாளே வீடிழந்து நிற்க நேரும் என்ற நிலை இம்மாகாணத்தில் நெடுங்காலம் இருந்தது. அதனாலன்றோ குடியிருப்போரை வெளியேற்றத்திலிருந்து காக்க 1961-ல் ஒரு சட்டமும், அவர்களுக்கே மனையைச் சொந்தமாக்க 1971-ல் மற்றொரு சட்டமும் ஏற்பட்டன! 1976-ம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமை முறையை முற்றிலும் ஒழித்தது. முன்பணம் பாக்கி என்று சொல்லி ஆளைக் கொட்டகையை விட்டுப் போகவொட்டாமல் தடுப்பவர் உபகாரியல்லர், குற்றவாளியே.

இனி, வேலை செய்யும் இடத்து அபாயங்களைக் கவனிப்போம். விவசாயம் பட்டறை வேலையைப் போல் ஆபத்தானதன்று என்பது பழைய நம்பிக்கை. உலகில் மிக அபாயகரமான மூன்று தொழில்களுள் சுரங்கம், கட்டட வேலை ஆகியவற்றுடன் விவசாயத்தையும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சேர்த்திருக்கிறது. டிராக்டரின் பின்புறத்துச் சக்தித் தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று சுழல்கிறது. வேஷ்டியின் நுனியோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால், கூவி அழைப்பதற்குள் ஆள் இழுக்கப்பட்டு விடுகிறான். அத்தண்டின் மேல் போடும் உறையின் விலை, ஒரு காலின் விலையோடு ஒப்பிடத்தக்கதா?

கதிரடிக்கும் யந்திரத்தால் கை இழந்தோர் வட நாட்டுக் கோதுமைப் பிரதேசங்களில் மிகுதியானபடியால், பார்லிமெண்டு 1983-ல் அபாயகரமான யந்திரங்களைப் பற்றித் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. கதிரை உள்ளே தள்ளும் தாரை 90 சென்டிமீட்டர் நீளத்திற்குக் குறையாமலும், அதில் 45 சென்டிமீட்டராவது மேல்மூடி உடையதாகவும் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத் தர நிர்ணயம். அவ்வளவு நீளமிருந்தால் நீட்டிய கை உருளையை எட்டாது. சீக்கிரம் வேலை முடிய வேண்டுமென்று மூடியைக் கழற்றி வைப்பவர், சேமித்த அரை மணிக்கு ஒருவன் கையை ஈடு வைக்கிறார்.

பூச்சி மருந்து தெளிப்பதிலும் அசிரத்தை குறைவில்லை. டப்பாவின் மேலுள்ள வைர வடிவ அடையாளம் சிவப்பானால் அதி கொடிய விஷம், மஞ்சளானால் கொடிய விஷம், நீலமானால் மத்திமம், பச்சையானால் சற்றுக் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிவதற்காகவே அந்நிறங்கள் ஏற்பட்டன. அவற்றின் பொருளை ஆளுக்குச் சொல்வது நிலக்காரரின் வேலை. தெளிப்போருக்குக் காப்புடை கொடுக்க வேண்டுமென்று 1971-ம் வருஷத்து விதிகள் கூறின. 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்தோர் 20 பேருக்கு மேல் மாண்டனர். விஷம் வாய் வழியாக மட்டுமே ஏறும் என்பது தவறு. நனைந்த சட்டை வழியாகத் தோலில் ஊறியும் ஏறும். காற்றுக்கு எதிரே தெளிக்கச் சொல்வதும், நண்பகலில் தெளிக்கச் சொல்வதும், காலி டப்பாவைத் தண்ணீர் மொள்ளக் கொடுப்பதும் தவிர்க்க வேண்டியவை. கிணற்றைத் தூர் வாரும்போது ஆயில் என்ஜினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவதும் அத்தகையதே. அதன் புகையில் வாசனையில்லாத விஷ வாயு உண்டு. முதல் ஆள் மயங்கி வீழ்ந்ததும் காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் திரும்பி வராமற் போவதற்கு இதுவே காரணம்.

இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு குடியானவர் இவ்வளவுக்கும் எங்கே போவார் என்ற ஆட்சேபம் எழும். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. அவரே பல வேளைகளில் பிறர் வயலில் கூலிக்குச் செல்பவர்; அவரே தம் வயலில் மருந்து தெளிப்பவர். ஆனால் மேற்கூறியவற்றில் பெரும்பாலானவற்றிற்கு வேண்டுவது பணமன்று, கவனமே. காற்றின் திசையைப் பார்ப்பதற்குச் செலவில்லை. யந்திரத்தின் மூடி, வாடகைக்கு விடுபவரின் பொறுப்பு; மூடியில்லாத யந்திரத்தைக் களத்தில் இறக்கவிடாமல் திருப்பியனுப்பக் குடியானவருக்கு உரிமையுண்டு. காப்புடையைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பொதுவில் வாங்கி மாற்றி மாற்றி உபயோகிக்கலாம். கொட்டகையை ஊருக்கு ஒன்றாக, வெட்டுக் காலத்திற்கு முன் ஆலையும் நிலக்காரர்களும் சேர்ந்து போடலாம். பெரும் பண்ணைக்காரருக்கோ இந்த ஆட்சேபம் பொருந்தவே பொருந்தாது.

விபத்து நேர்ந்தபின் உள்ள கடமையும் சிறியதன்று. 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் டிராக்டர் முதலிய யந்திர சக்தியால் விவசாய வேலை செய்வோரையும் தன் பட்டியலில் வைத்திருந்தது. இவ்விஷயம் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்தது. சிறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் விபத்து நிவாரணம் அளிக்க 2011-ல் உழவர் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் விபத்தைப் பதிவு செய்யாமல், கையில் சிறிது பணம் கொடுத்து, பஞ்சாயத்தில் பேசி முடித்துவிடும் வழக்கத்தால் குடும்பம் தனக்குரியதை இழக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் இதில் செய்யக்கூடியது மிகுதி. விபத்தை அன்றே எழுத்தில் பதியச் செய்வதும், குடும்பத்தாருக்கு மனு எழுதும் வழியைச் சொல்வதும், வெட்டுக் காலத்தில் வெளியூர் ஆட்கள் தங்கியுள்ள இடத்தை ஒருமுறை நேரில் பார்த்து வருவதும் அவரால் ஆகும். அவர் வருவார் என்று தெரிந்தாலே பல கொட்டகைகள் தாமே செப்பனாகும்.

ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீடு எல்லாக் கிராமங்களிலும் கேட்கிறது. எந்தப் பண்ணையில் மழைக்கு நனையாமல் படுக்கலாம், எந்தக் களத்தில் பத்து விரலோடு வீடு திரும்பலாம் என்பதை ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். அடுத்த அறுவடைக்கு முன் நிலச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தம் யந்திரத்தின் மூடியையும், மருந்து அறையின் பூட்டையும், ஆட்கள் படுக்கும் கூரையையும் நேரில் சென்று பார்ப்பாராக.