கொட்டகையிலேயே சோதனை வேண்டும்

இறைச்சி நல்லதா என்று எங்கே சோதிக்க வேண்டும்? வெட்டும் இடத்தில் என்பீர்கள். அங்கே சோதித்தால் காலம் கடந்துவிடும் என்பது என் கருத்து.

1953-ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்வீடன் நாட்டில் ஆல்வெஸ்டா என்னும் ஊரின் இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய நோயில் சுமார் 9,000 பேர் படுத்தனர். ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். காரணம் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா.

இது பன்றி, மாடு, கோழி எல்லாவற்றின் குடலிலும் வாழக்கூடியது. கோழியை மட்டும் பார்ப்போம். குடலில் கிருமி குடியிருந்தாலும் கோழிக்குப் பெரும்பாலும் நோய் தெரியாது. கொத்தித் தின்னும், கொக்கரிக்கும். வெட்டியபின் வெந்நீரில் முக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் எச்சம் பட்டு, ஒன்றின் கிருமி பின்னால் வரும் கோழிகளிலும் ஒட்டிக்கொள்ளும். நன்றாக வேகவைத்தால் சாகாதா? சாகும். ஆனால் பச்சைக் கறி நறுக்கிய அரிவாள்மணையிலேயே வெள்ளரிக்காயையும் நறுக்கினால்?

ஆகவே ஸ்வீடன் பண்ணைக்கே போயிற்று. 1961-இல் சட்டம் வந்தது; முறைகள் படிப்படியாக விரிந்தன. தீவனத்தைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்கிறார்கள். வெட்டுக்கு அனுப்ப ஓரிரு வாரம் முன்பே கொட்டகையில் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். சால்மொனெல்லா தென்பட்டால் அந்தக் கொட்டகைக் கோழிகள் அத்தனையும் அழிக்கப்படும்.

பக்கத்து நாடான பின்லாந்தில் நூர்மி, ரன்டாலா என்ற இருவர் 1973-இல் ஓர் அழகான வழி சொன்னார்கள். பொரிப்பகத்துக் குஞ்சு தாயைக் கண்டதில்லை. அதன் குடல் காலி வீடு. வளர்ந்த கோழியின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை முதலிலேயே கொடுத்துவிட்டால் வீடு நிரம்பிவிடும். பிறகு சால்மொனெல்லா குடியேறுவது கடினம்.

சரி, கோழிகளை இழக்கப் பண்ணைக்காரர் ஒப்புவாரா? சங்கதியே இங்கேதான் இருக்கிறது. ஸ்வீடனில் அரசின் ஈட்டுத்தொகையோ காப்பீடோ நட்டத்தில் பங்கேற்கிறது. அது இல்லாவிட்டால் மனிதர் நோயை மறைக்கத்தான் பார்ப்பார். கடன் வாங்கிக் கொட்டகை போட்டவரை நான் குறை சொல்லமாட்டேன்.

நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமோ, விவசாயியையும் அவருடைய பண்ணை வேலைகளையும் 18-ஆம் பிரிவில் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பண்ணைக்குள் விட்டால் அதிகாரிகள் சிறு விவசாயியை அலைக்கழிப்பார்களே என்கிறீர்களா? நியாயமான அச்சம்தான். ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் பெரும் பண்ணைகளிலிருந்து தொடங்கலாமே! சோதனைச் செலவை அரசு ஏற்கட்டும். அழிக்கும் கோழிக்கு என்ன விலை, யார் தருவது, எத்தனை நாளில் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.